கூப்பிடாத வீட்டுக்குப் போன கதை

2005 மே 20, வெள்ளி. ரொறொன்ரோ பே வீதி பஸ் நிலையத்திலிருந்து காலை ஒன்பதரைக்குப் புறப்பட வேண்டிய மொன்றியல் பஸ், நீண்ட வார விடுமுறையின் புண்ணியத்தில் பத்தேகாலுக்குத்தான் அசைந்தது. தூரம் ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர். போய்வரக் கட்டணம் தொண்ணூற்றெட்டு டொலர். ஸ்காபரோவிலிருந்து பே வீதிக்கு வந்து சேரவே ஒன்றரை மணித்தியாலம் பிடித்திருந்ததால், ஏறி உட்கார்ந்ததுமே பாதிப் பயணம் முடிந்துவிட்ட களைப்பு எனக்கு.

பக்கத்து இருக்கையில் ஒரு யாழ்ப்பாணத்துப் பையன். ரொக்ஸ்பரோவில் வீடு, கணினி வேலை. நான் தமிழ்ப் பத்திரிகையை விரித்ததும் கதை கொடுத்தான்.

“அண்ணை எந்தப் பக்கம்?”

“மன்னார்.”

“பாதை திறந்தாப் பிறகு போட்டு வந்தியளோ? நான் போன வருசம் போனனான். ஒரு பிரச்சினையும் இல்லை.”

“பேந்து பாப்பம்” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். நித்திரை வரவில்லை. சண்டை நின்று, ஊருக்குப் போகிற பாதை திறந்து மூன்று வருடமாக எல்லாரும் என்னைக் கேட்கும் கேள்வி இதுதான். ஸ்காபரோவில் எங்கள் கட்டடத்தில் இருந்த அத்தனை மன்னார்க்காரரும் ஒருமுறையாவது போய்க் கருவாட்டோடு திரும்பிவிட்டார்கள். நான் மட்டும் போகவில்லை. காரணம் வெளியே சொல்ல வெட்கம். பெரியண்ணை என்னை வா என்று கூப்பிடவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு நான் தொலைபேசி எடுப்பேன். மழை, மீன் விலை, நாய்க்குச் சுகமில்லாதது எல்லாம் சொல்லுவார். அந்த ஒரு சொல் மட்டும் வராது. அம்மாவின் சாவுக்கு நான் வரவில்லை என்ற கோபம் இன்னும் இருக்கிறது என்று எனக்குள் முடிவு கட்டியிருந்தேன். அப்போது பாதையே இல்லை என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தும் கூப்பிடாதவரின் வீட்டுக்கு நான் எப்படிப் போவது?

கிங்ஸ்ரனில் இருபது நிமிடம் நிறுத்தினார்கள். வாயில் வைக்க முடியாத கோப்பி ஒன்று, ஒன்றரை டொலர். மாகாண எல்லையைத் தாண்டியதும் பலகைகள் பிரெஞ்சுக்கு மாறின. இந்த விடுமுறைகூட எல்லையில் மாறிவிடுகிறது. அந்தப் பக்கம் பழைய அரசியின் பிறந்தநாள். இந்தப் பக்கம் அந்த அரசியின் படையோடு சண்டை பிடித்தவர்களின் நாள். எப்படியோ இரண்டு பக்கத்தாருக்கும் திங்கட்கிழமை வேலையில்லை.

மாலை நாலரைக்கு மொன்றியல். நிலையத்துக்குக் கீழேயே மெட்ரோ, இரண்டரை டொலர். ஜான்-டலோனில் நீலப் பாதைக்கு மாறிப் பார்க் நிலையத்தில் இறங்கிப் படியேறி வெளியே வந்தால் அக்காவின் உலகம். பார்க்-எக்ஸ்ரென்ஷன் என்று பெயர். ஒரு காலத்தில் முழுக்கக் கிரேக்கர்களின் இடம். இப்போது கிரேக்க எழுத்துப் பலகை போட்ட கடைக்குள் சேலை விற்கிறார்கள். நடந்துபோகிற பத்து நிமிடத்தில் பஞ்சாபி, வங்காளம், தமிழ் எல்லாம் காதில் விழும். நடுவே யாராவது “பொன்ஜூர்” சொன்னால்தான் எந்த நாடு என்று ஞாபகம் வரும்.

அக்காவுக்கு மேல்வீடு. அத்தானும் மகளும் வெளியூர்க் கலியாணம் ஒன்றுக்குப் போயிருந்தார்கள், அக்கா மட்டும் வேலைக்காக நின்றுவிட்டாள். வாசலிலிருந்து இரும்புப் படி நேராக மேலே ஏறும். கீழ்வீட்டில் வீட்டுக்காரி. நான் போய்ச் சேர்ந்தபோது கீழே யன்னலால் வெண்ணெயும் ஏலமும்போல ஒரு வாசம் வந்துகொண்டிருந்தது. எனக்குப் பசி. மேலே ஏறியதும் முதலில் அதைத்தான் கேட்டேன்.

“நாளைக்கு உவவுக்குப் பெயர்கொண்ட திருநாள்” என்றாள் அக்கா. “புனித எலெனியின்ர நாள் மே இருபத்தொண்டு, அந்தப் பேர் வைச்ச எல்லாருக்கும் அண்டைக்குத்தான் கொண்டாட்டம். ஒவ்வொரு வருசமும் உப்பிடித்தான் மணக்கும். பத்து வருசமா மணத்தை மட்டும் சாப்பிடுறம்.”

“ஏன், தரமாட்டாவோ?”

“கூப்பிட்டால்தானே தம்பி! மந்திரியா இருந்தவ. எங்களை ஏன் கூப்பிடப் போறா?”

எலெனி அம்மா கிரேக்க நாட்டின் பாராளுமன்றத்தில் இருந்தவர் என்பது எனக்கும் அரைகுறையாகத் தெரியும். புருசன் யானிஸ் இங்கேயே இருந்தார். அக்கா குடிவந்தபோது வீட்டுக்காரர் அவர்தான். அவர் செத்த பிறகு, போன வருடம் அந்த அம்மா தேர்தலில் தோற்று, பெட்டியோடு இங்கே வந்து கீழ்வீட்டில் இருந்துவிட்டார். பழைய கிரேக்கச் சனம் எல்லாம் லவால் புறநகருக்கும் அதற்கு அப்பாலும் போய்விட்டது. மகள் ஒருத்தி இல்-பிசார் தீவில் இருக்கிறாள்.

“மகள் கொண்டு போகப்போறாளாம்” என்று அக்கா சோற்றைப் போட்டபடி சொன்னாள். “உங்களை ஒருத்தரும் எட்டிப் பாக்கிறேல்லை, என்னத்துக்குத் தனிய கிடக்கிறியள், வீட்டை வித்துப்போட்டு வாங்கோ எண்டு போன கிழமை வாசல்ல நிண்டு தாயோட பிரெஞ்சிலை சத்தம், எனக்கு அரைகுறையா விளங்கினது. மனிசிக்குப் போக விருப்பமில்லை. புருசன் இருந்த வீடு எண்டு அழுதுது.”

“நீ எட்டிப் பாத்தனியோ?”

“நல்ல நாளிலை சொல்லாமல் போறதோ? செத்த வீட்டுக்குத்தான் சொல்லாமல் போறது. உனக்கு விசரே?”

அக்கா சொன்னதில் பிழை பிடிக்க முடியவில்லை. எங்கள் ஊரில் நேரே வந்து, வாசலில் நின்று, வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும். ஆள் அனுப்பிச் சொன்னதற்காகவே கலியாணத்துக்குப் போகாமல் விட்ட சனம் நாங்கள்.

மே 21, சனி. அக்கா விடியவே ஜான்-டலோன் சந்தைக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு மரக்கறிக் கடையில் வேலை, சனிக்கிழமை மத்தியானத்தோடு முடியும். நான் பாண் வாங்கலாம் என்று நடந்து, மூலையில் மிச்சமிருந்த ஒரு கிரேக்க வெதுப்பகத்துக்குள் போனேன். பாண் ஒன்று இரண்டு டொலர். காசைக் கொடுத்தேன். கடைக்காரர் பாணோடு, சீனி தூவிய ஒரு பலகாரத்தையும் கையில் வைத்தார்.

“இதை நான் கேட்கவில்லையே” என்றேன் ஆங்கிலத்தில்.

“இன்றைக்கு என் திருநாள். நான் கொன்ஸ்தந்தீன். கொன்ஸ்தந்தீனுக்கும் எலெனிக்கும் ஒரே நாள். சாப்பிடு.”

சாப்பிட்டுக்கொண்டே, வீட்டில் விருந்து இருக்கிறதா, யாரையெல்லாம் அழைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“அழைப்பதா? பெயர் நாளுக்கு யாரும் அழைக்கமாட்டார்கள். கதவைத் திறந்துவைத்துவிட்டு இருப்போம். என் பெயர் யாருக்கு ஞாபகம் இருக்கிறதோ அவர்கள் வருவார்கள். அழைத்து வந்தால் அதில் என்ன இருக்கிறது?”

“திருமதி எலெனியின் வீட்டுக்கு நீங்கள் போவீர்களா?”

“எனக்கு லவாலில் என் கதவைத் திறக்க வேண்டும், ஐயா. அவருடைய ஆட்களில் பாதிப்பேர் கொன்ஸ்தந்தீன், மீதிப்பேர் எலெனி. எல்லாரும் இன்றைக்குத் தங்கள் வீட்டில்தான் இருப்பார்கள்.” கொஞ்சம் யோசித்தார். “பாவம். அங்கே கிரேக்கத்தில் அவருடைய தீவில் இந்த நாளில் தெரு முனைவரை வரிசை நிற்கும்.”

திரும்பி வரும்போது கீழ்வீட்டுக் கதவைப் பார்த்தேன். அடியில் ஒரு செங்கல் வைத்துத் திறந்து கிடந்தது. உள்ளே வாசலைப் பார்த்தபடி ஒரு கதிரை.

அக்கா வந்ததும் விசயத்தைச் சொன்னேன். நம்பவில்லை. இரண்டாவது முறை சொன்னேன். கையைக் கழுவிக்கொண்டிருந்தவள் தண்ணீரைப் பூட்டாமலே நின்றாள்.

“அப்ப அந்தக் கதவு எங்களுக்கும் சேர்த்துத்தான் திறந்து கிடந்ததோ?”

அதற்குப் பிறகும் அவளைப் படி இறக்குவது லேசாக இருக்கவில்லை. சேலையை இஸ்திரி போட்டாள். கழற்றினாள். வேறு சேலை கட்டினாள். வெறுங்கையோடு போகமாட்டேன் என்று சந்தையிலிருந்து கொண்டுவந்த மெக்சிக்கோ மாம்பழத்தில் நல்லதாகப் பார்த்து ஒரு தட்டில் அடுக்கினாள். படியின் நடுவில் நின்று, “போய் என்னெண்டு சொல்லுறது?” என்றாள். வெதுப்பகக்காரர் சொல்லித்தந்த வாழ்த்தைச் சொல்லிக் கொடுத்தேன். “க்ரோனியா பொல்லா.” வாசல்வரை அதைச் செபம்போல முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

அந்த அம்மா கதிரையில்தான் இருந்தார். எழுபதைத் தாண்டியிருக்கும். கடல்நீலச் சட்டை, காதில் சின்ன முத்து, ஒட்ட வெட்டிய வெள்ளை முடி. எங்களைக் கண்டதும் எழும்பிவிட்டார். அக்கா வாசலில் சப்பாத்தைக் கழற்றி, தட்டை நீட்டி, வாழ்த்தைப் பிழையில்லாமல் சொல்லிவிட்டாள். எலெனி அம்மா தட்டை வாங்காமல் அக்காவின் இரண்டு கையையும் பிடித்தார். மாம்பழம் ஒன்று உருண்டு கதிரைக்குக் கீழே போனது.

உபசாரம் ஒழுங்கு முறையோடு நடந்தது. ஒரு தட்டம், அதில் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள், கிண்ணத்தில் பாகில் ஊறிய புளிப்புச் செரிப்பழம் ஒரு கரண்டி, பக்கத்தில் குளிர்ந்த தண்ணீர். முதலில் இனிப்பு, பிறகு தண்ணீர். தட்டத்தில் இருந்த மற்றக் கிண்ணங்கள் எல்லாம் தொடாமல் கிடந்தன. நாங்கள்தான் அன்றைக்கு முதல் ஆட்கள்.

சுவரில் படங்கள். பார்க்காததுபோல நான் பார்ப்பதைக் கண்டு, அவரே எழும்பி ஒவ்வொன்றாகக் காட்டினார். ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்து பேசினார். அக்காவுக்கு நான் தமிழில் சொன்னேன்.

இந்த நகரத்துக்கு வந்தபோது அவருக்கு முப்பது வயது. தபால்காரர் ஒருவரின் மகள். இங்கே வந்து தொழிற்சாலையில் சட்டைக்குக் கொலர் தைத்தார். வந்து கொஞ்சக் காலத்தில் அங்கே கிரேக்கத்தில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்தது. அதுவரை நாலு பேர் முன் வாய் திறக்காத பெண், இங்கிருந்த கிரேக்கத் துணைத்தூதரகத்து வாசலில் பனிக்குள் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று பேசினார். படத்தில் முகம் தெரியவில்லை, சால்வையும் திறந்த வாயும்தான் தெரிந்தன. அதோடு கடவுச்சீட்டைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். பட்டாளம் விழும்வரை ஊர் இல்லை.

“விழுந்த செய்தி வந்த அன்றைக்கு யானிஸ் சொன்னார், நீ முதலில் போ, நான் இங்கே கடையைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று. மகள் பள்ளிக்கூடம். பிறகு கடன். பிறகு முழங்கால் வருத்தம்.” கையை விரித்தார். “நான் போனேன். அவர் வரவேயில்லை.”

ஊருக்குத் திரும்பி, தன் தீவின் நகரசபையில் ஓர் உறுப்பினர், பிறகு அங்கே முதல் பெண் நகரபிதா. அந்தத் தீவில் குடிதண்ணீர் கிடையாது, கோடையில் கப்பலில் வரும். அவர் காலத்தில்தான் வீட்டுக்கு வீடு குழாய் போட்டார்கள்.

“எங்கட பக்கமும் உப்புத் தண்ணிதான் எண்டு சொல்லு” என்றாள் அக்கா. சொன்னேன். அதன் பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பற்றி மட்டும் கதைத்தார்கள். நான் மொழிபெயர்த்துக் களைத்துப்போனேன்.

பாராளுமன்றத்துக்கு நின்றபோது, கோப்பிக் கடையில் இருந்த ஆம்பிளைகள் “போய்ப் புருசன்ர சட்டையைத் தோய்” என்று கத்தினார்களாம். “அவர் தன் சட்டையைத் தானே தோய்க்கிறார், மொன்றியலில்” என்று இவர் திருப்பிக் கத்தியிருக்கிறார். கடை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பால்தான் வென்றேன் என்றார். பிறகு பல தேர்தல். ஒருமுறை துணை அமைச்சர், கொஞ்சக் காலம். கோடையில் ஒரு மாதம் இங்கே வருவார். நத்தாருக்கு முடிந்தால் வருவார். மற்ற நேரமெல்லாம் ஞாயிறு தொலைபேசி.

“அங்கே இருந்தபோது இந்தச் சமையலறை வேண்டும் என்று இருந்தது. இங்கே வந்தால் அந்தக் கடல் வேண்டும் என்று இருக்கிறது. முழுசாக ஓர் இடத்தில் நான் இருந்ததேயில்லை” என்றார். அரசியல்வாதி பேசுகிற தொனி அதில் இல்லை.

அப்போதுதான் அக்கா கேட்டாள். என்னைப் பார்த்தல்ல, நேரே அவரைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டாள்.

“ஏன் அம்மா எங்களை ஒருநாளும் கூப்பிடேல்லை?”

மொழிபெயர்த்தேன். அவர் முகம் சிவந்தது.

“கூப்பிட்டால் அது கட்டாயம் ஆகிவிடும். நான் பதவியில் இருந்தவள். என் வாயால் வா என்றால் மனிதர்கள் பயத்துக்கு வருவார்கள், தேவைக்கு வருவார்கள். இந்த ஒரு நாள்தான் நான் கேட்காமல் வருகிற நாள்.” பிறகு மெதுவாகக் கேட்டார். “நீங்கள் ஏன் ஒருநாளும் வரவில்லை? நான் அங்கே இருந்த காலத்திலும் யானிஸ் என் பெயர் நாளுக்கு இந்தக் கதவைத் திறந்துவைப்பார். நான் இல்லாத வீட்டில் எனக்காக இனிப்பு வைப்பார். அந்த இரவு தொலைபேசியில் யார் யார் வந்தார்கள் என்று சொல்லுவார். வரவர ஆட்கள் குறைந்தார்கள். கடைசி வருடங்களில், ‘மேலே இருக்கிறவர்கள் படியால் இறங்கினார்கள், கதவைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். குழந்தை மட்டும் கை காட்டியது’ என்று சொல்லுவார். உங்களுக்கு எங்களைப் பிடிக்கவில்லை என்று நினைத்தோம்.”

நான் சொல்லி முடிக்கமுன் அக்கா அழத் தொடங்கிவிட்டாள். “அந்த மனிசன் பனிக் காலத்திலை எங்கட படியிலை கிடக்கிற பனியையும் சேர்த்துத்தான் தள்ளிவிடும். முழங்கால் ஏலாமல் தள்ளிவிடும்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவுமில்லை.

அழுது முடித்து முகத்தைத் துடைத்தாள். “மகள் எத்தினை மணிக்கு வருவாவாம்?”

ஆறு மணிக்கு. இந்த வருடமும் ஆள் வராமல் தட்டம் அப்படியே கிடந்தால் தன்னோடு வந்துவிட வேண்டும் என்பது மகளின் பேச்சு. தானும் தலையாட்டிவிட்டதாக எலெனி அம்மா சொன்னார்.

“தம்பி, நீ இவவோட இரு. நான் இப்ப வாறன்.”

அக்கா போனது எங்கே என்று பிறகுதான் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்த ஒரே முறையில் அவள் காரியம் பார்த்திருக்கிறாள். வீதியின் இரண்டு பக்கமும் வாசல் வாசலாக நின்று, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு மானிப்பாய்க் குடும்பம் வந்தது. பிறகு அக்காவின் கோயில் சனம். பிறகு பஞ்சாபித் தாயும் மருமகளும். பிறகு மூலைக் கடை வங்காளி, கடையைப் பூட்டாமலே வந்து நின்றார். ஒவ்வொருவரும் ஏதோ கொண்டுவந்தார்கள். அக்கா கரண்டி இனிப்புப் பரிமாறினாள். முதலில் இனிப்பு, பேந்து தண்ணி என்று எல்லாருக்கும் சட்டம் வேறு சொன்னாள்.

மகள் ஆறு மணிக்குச் சொன்னபடி வந்தாள். ஆனால் உள்ளே வர முடியவில்லை. வாசலில் சப்பாத்தும் செருப்பும் குவிந்து கிடந்தன. கிரேக்கர்கள் சப்பாத்தோடு வீட்டுக்குள் வருகிறவர்கள். அந்தப் பெண் அந்தக் குவியலைப் பார்த்துக் கிரேக்க மொழியில் ஏதோ கேட்டாள், தாய் ஏதோ பதில் சொன்னார். பிறகு எங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னார்: “இதெல்லாம் யாருடையது என்று கேட்கிறாள். என் வாக்காளர்கள் என்று சொன்னேன்.”

மகள் வாசலிலேயே குந்தியிருந்து தன் சப்பாத்தைக் கழற்றினாள். இல்-பிசார் பற்றி அன்றைக்கு அவள் வாய் திறக்கவில்லை.

எல்லாரும் போன பிறகு நானும் அக்காவும் கிண்ணங்களைக் கழுவினோம். எலெனி அம்மா துடைத்தார். துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்:

“நான் எத்தனை கூட்டத்தைப் பஸ்ஸில் ஏற்றி மைதானத்தை நிரப்பியிருக்கிறேன் தெரியுமா? கொண்டுவந்த கூட்டத்தையும் தானாக வந்த கூட்டத்தையும் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்ல முடியும்.”

அக்காவைக் கண்ணால் காட்டிச் சிரித்தார்.

“ஆனால் நீங்கள் இரண்டு பேரும் தானாக வந்தீர்கள். அது போதும் எனக்கு, இன்னும் ஒரு வருடத்துக்கு. அடுத்த மே மாதமும் நான் சொல்லமாட்டேன்.”

மே 23, திங்கள். ஞாயிற்றுக்கிழமையை அக்காவின் கோயிலிலும் அதன் பிறகு சாப்பாட்டிலும் செலவழித்தேன். காலையில் பெட்டியோடு படி இறங்கும்போது கீழ்க்கதவு மூடியிருந்தது, செங்கல் ஓரமாக ஒதுக்கியிருந்தது. யன்னலுக்குள்ளிருந்து எலெனி அம்மா கை காட்டினார்.

பஸ் நிலையத்தில் இன்னும் அரைமணி நேரம் இருந்தது. நான் போய் வந்த ஊர்களை விட்டுப் புறப்படும்போது அவற்றை என் ஊரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் பழக்கம். அன்றைக்கு அந்த ஒப்பீடு என்னைக் கொண்டுபோய் விட்டது சுவரோரத் தொலைபேசிப் பெட்டியின் முன்னால். தொலைபேசி அட்டையில் மிச்சமிருந்த காசில் மன்னாருக்கு எடுத்தேன். அங்கே இரவு எட்டு மணி. ஞாயிறும் இல்லை, எனக்குரிய நாளும் இல்லை.

“ஆர்?” என்றார் பெரியண்ணை, பயந்துபோன குரலில்.

“நான்தான் அண்ணை. ஒண்டுமில்லை. ஆடி மாதம் அங்கை வாறன்.”

அந்தப் பக்கம் நாய் குரைக்கிறது கேட்டது.

“இதுக்கு என்னத்துக்குச் சொல்லிக்கொண்டு நிக்கிறாய்?” என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. “பாதை திறந்த நாள் துவக்கம் உன்ர அறை கூட்டித்தான் கிடக்கு.”